கடலில்லாத லாவோஸைக் கற்பது எப்படி: மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வழிகாட்டி

தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரை இல்லாத நாடு லாவோஸ் ஒன்றே. பொது அறிவு வினாத்தாளில் இந்த வரி ஒரு புள்ளியைப் பெற்றுத் தரும். அத்துடன் பெரும்பாலான மாணவர் அந்த நாட்டைக் கடந்து போய்விடுகின்றனர். தலைநகர் வியந்தியான், நாணயம் கிப், பெரும்பான்மைச் சமயம் பௌத்தம், ஆட்சி ஒரு கட்சி ஆட்சி என்று நான்கு விடைகளை மனனம் செய்து வைத்திருப்பவரிடம், அந்த நான்குக்கும் இடையில் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வருவதில்லை. உயர்தரத்தில் புவியியல் கற்பவருக்கும், நாட்டு ஆய்வொன்றை வகுப்புக்குச் செயற்றிட்டமாகக் கொடுக்க எண்ணும் ஆசிரியருக்கும், வீட்டில் பிள்ளைக்கு உதவும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. லாவோஸின் நிலத்தை முதலில் விளங்கிக்கொண்டால் அதன் மக்களையும் அரசையும் விளங்கிக்கொள்வது எளிதாகிறது என்பதும், அந்த வரிசையை மாற்றினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத தகவல்களாகவே நின்றுவிடும் என்பதும் இதன் அடிப்படை எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தைத் தொடங்குவதில் ஒரு வசதி உண்டு. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. ஆறு என்று சொல்வதற்கோ மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே இருக்கிறது. லாவோஸில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. ஆகவே நமக்குக் கடல் செய்து தருவதை அங்கே எது செய்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர் கேட்டுக்கொண்டே போகலாம்.

எல்லையை வரையும் முன்னர் ஆற்றை வரைதல்

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஒரு தேசப்படப் புத்தகம், சில வெற்றுத் தாள்கள், தென்கிழக்கு ஆசியாவின் புறவுருவப் படப் பிரதிகள் இரண்டு, நிறப் பென்சில்கள், ஒரு குறிப்புக் கொப்பி ஆகியவை போதும்.

முதற்படத்தை வெற்றுத்தாளிலேயே தொடங்க வேண்டும். அதில் முதலில் மேக்கொங் ஆற்றை வரையுங்கள். திபெத்திய மேட்டுநிலத்தில் பிறந்து, சீனாவின் யுனான் மாகாணத்தைக் கடந்து தெற்கே இறங்கும் அந்த ஆறு லாவோஸுக்கும் மியன்மாருக்கும் இடையில் எல்லையாகிறது. பின்னர் தாய்லாந்துடனான எல்லையாகிறது. அதன் பின் லாவோஸின் உள்ளே திரும்பி லுவாங் பிரபாங் நகரைத் தொட்டு, மீண்டும் தெற்கே வந்து வியந்தியானுக்குச் சற்று மேலே இன்னொரு தடவை தாய்லாந்து எல்லையாகிறது. கடைசியில் சம்பாசக் மாகாணத்தில் முழுவதும் லாவோஸுக்குள் வந்து, கம்போடியாவுக்குள் இறங்குகிறது. லாவோஸின் உள்ளும் எல்லையிலுமாக அது ஓடும் தூரம் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர். இந்த வளைவுகளைக் கையால் ஒரு தடவை வரைந்தவருக்கு, நாட்டின் எல்லை சில இடங்களில் ஆற்றோடு போவதும் சில இடங்களில் ஆற்றை விட்டு மேற்கே விலகுவதும் பிறகு மறப்பதில்லை. சயாபுரி மாகாணம் ஆற்றின் வலக்கரையில் இருப்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிழக்கில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் அன்னமித்து மலைத்தொடரை மண்ணிறத்தில் வரைய வேண்டும். வியட்நாமுடனான எல்லையின் பெரும்பகுதி இம்மலைத்தொடரின் முகட்டை ஒட்டியே செல்கிறது. ஆற்றையும் மலையையும் வரைந்த பின்னர் எல்லைக்கோட்டை வரைந்தால், வடக்கே அகன்று, தெற்கே ஒடுங்கி நீளும் அந்த நாட்டின் வடிவம் தற்செயலானதல்ல என்பது தாளிலேயே தெரிந்துவிடும். வடக்கில் சீனா, வடமேற்கில் மியன்மார், மேற்கில் தாய்லாந்து, தெற்கில் கம்போடியா, கிழக்கில் வியட்நாம் என ஐந்து அயல்நாடுகளின் பெயர்களையும் எழுதி முதற்படத்தை முடிக்கலாம்.

பரப்பளவு 236,800 சதுர கிலோமீற்றர் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், இலங்கையின் 65,610 சதுர கிலோமீற்றரால் அதை வகுத்துப் பாருங்கள். இலங்கையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் வரும். சனத்தொகையோ இலங்கையினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு விகிதங்களையும் ஒன்றாக வைத்தால் மட்டுமே, அந்நாட்டில் ஒரு வீதியோ பாடசாலையோ வைத்தியசாலையோ அமைப்பதற்கு ஆள்வீதம் எவ்வளவு செலவாகும் என்ற எண்ணம் மாணவருக்கு வரும். நாட்டின் பெரும்பகுதி மலையும் மேட்டுநிலமும் என்பதை இதனுடன் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். மிக உயர்ந்த சிகரமான பூ பியா 2,800 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர்.

மேக்கொங் ஆற்றின் மொத்த நீரோட்டத்தில் ஏறத்தாழ 35 சதவீதம் லாவோஸின் நிலப்பரப்பிலிருந்து வந்து சேர்கிறது. ‘நாம் ஊ’, ‘நாம் இங்கும்’, ‘நாம் தேன்’, ‘சே கொங்’ முதலிய கிளையாறுகளை (இப்பெயர்களில் ‘நாம்’, ‘சே’ என்பவை ஆற்றைக் குறிக்கும் சொற்கள்) நீலத்தில் வரைந்தால் அவை அநேகமாகக் கிழக்கு மலைகளிலிருந்து மேற்கே இறங்குவதைக் காணலாம். வடகிழக்கில் ஹுவாபான் மாகாணப் பக்கத்தில் மட்டும் நாம் மா போன்ற சில ஆறுகள் எதிர்த்திசையில் வியட்நாமுக்குள் ஓடுகின்றன. இந்த விதிவிலக்கை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்துக் கேட்டால், அவர் படத்தை உண்மையாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று ஆசிரியர் மகிழலாம்.

இவ்வளவு பெரிய ஆறு கடலுக்குத்தானே போகிறது, அப்படியானால் கப்பலில் போகலாமே என்ற கேள்வி வகுப்பில் கட்டாயம் எழும். எழாவிட்டால் ஆசிரியரே எழுப்ப வேண்டும். தெற்கு எல்லையில் உள்ள கோன் நீர்வீழ்ச்சித் தொகுதி அதற்கு விடை. 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் மேக்கொங் வழியாகச் சீனாவுக்கு நீர்ப்பாதை அமைக்கலாம் என்று நம்பினர். இந்த நீர்வீழ்ச்சி அந்த நம்பிக்கையைத் தடுத்தது. 1890களில் அவர்கள் கோன் தீவில் ஒரு சிறு புகையிரதப் பாதை அமைத்து, படகுகளையும் பொருட்களையும் அருவியைச் சுற்றிக் கொண்டுசென்று மேலே சேர்த்தனர். கடலோடு ஆற்றால் இணைந்திருந்தும் கடலுக்குப் போக முடியாத நாடாக லாவோஸ் இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்றையும் மழையையும் நம்முடைய காலநிலையிலிருந்து விளக்குதல்

இரண்டாவது படம் காலநிலைக்கு உரியது. வைகாசி தொடங்கி ஐப்பசி வரை லாவோஸில் மழைக்காலம். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை வறட்சிக்காலம். இதே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்று மாணவரிடம் கேளுங்கள். சோளகம் எனப்படும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் நமக்குப் புழுதியும் வெயிலும். வாடை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மாரி. அதாவது நமது தோட்டங்கள் காயும் காலத்தில் லாவோஸின் வயல்கள் நனைகின்றன. நமது வயல்கள் நனையும்போது அங்கே வறட்சி தொடங்குகிறது.

காரணத்தைப் படத்தில் அம்புக்குறிகளால் காட்ட வேண்டும். தென்மேல் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம்மிடம் வரண்டு வருகிறது. பின்னர் வங்காள விரிகுடாவின் மேல் மீண்டும் ஈரப்பதனை அள்ளிக்கொண்டு தென்கிழக்கு ஆசியப் பெருநிலப்பரப்பை அடைந்து, அன்னமித்து மலையின் மேற்குப் பக்கத்தில், அதாவது லாவோஸில், மழையாகிறது. மலையைத் தாண்டி வியட்நாம் கரைக்கு இறங்கும்போது அது வெப்பமான வரண்ட காற்றாகிவிடுகிறது. மத்திய வியட்நாம் மக்கள் அதனை லாவோஸ் காற்று என்றே அழைக்கின்றனர். வடகீழ் பருவக்காற்றின் காலத்தில் இது தலைகீழாகிறது. தென்சீனக் கடலில் ஈரம் பெற்ற காற்று ஹுவே நகரை அண்டிய வியட்நாம் கரையில் பெருமழை தருகிறது. லாவோஸோ, மலை மறைப்பதால் மழை குறையும் மழையொதுக்குப் பக்கத்தில் இருந்துவிடுகிறது. மழையொதுக்கு என்ற கருத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல சோடி உலகப் படத்தில் அரிது என்பது என் எண்ணம். ஒரே மலையை இரண்டு காற்றுகள் இரண்டு பக்கத்திலிருந்து அடிப்பதை இங்கே ஒரே படத்தில் காட்டிவிடலாம்.

தெற்கே உள்ள போலவன் மேட்டுநிலத்தை இந்தப் படத்தில் தனியாகக் குறிக்க வேண்டும். 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்த எரிமலை மண்ணில் மழை மிக அதிகம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே அறிமுகமான கோப்பிப் பயிர் இன்று லாவோஸின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று.

மூன்றாவதாகச் சேர்க்க வேண்டியது சுண்ணக்கல். யாழ்ப்பாண மாணவருக்கு இது சொந்தப் பாடம். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவருக்கு, நீர் சுண்ணக்கல்லைக் கரைத்து நிலத்தின் கீழ் வழி அமைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மயோசீன் என்ற புவியியற் காலத்தில் உருவான நம்முடைய சுண்ணக்கல் தட்டையாகக் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. லாவோஸின் கம்முவான் மாகாணத்திலும் வாங் வியாங் பகுதியிலும் அதைவிட மிகப் பழமையான சுண்ணக்கல் செங்குத்தான மலைகளாக நிற்கிறது. கம்முவானில் உள்ள கொங் லோ குகையில் ஒரு ஆறு மலையின் உள்ளே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஓடி மறுபக்கம் வெளியேறுகிறது. படகில் அதன் வழியே செல்லலாம். ஒரே கல், ஒரே கரைதல், ஆனால் உயரம் மாறியதும் நிலத்தோற்றம் முற்றிலும் மாறிவிடுகிறது என்பதை இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகும் வழிகளைத் தேடுதல்

இனி புறவுருவப் படத்தின் இரண்டாவது பிரதியை எடுங்கள். லாவோஸின் கிழக்கு எல்லையிலிருந்து தென்சீனக் கடலுக்கு மிகக் குறுகிய தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். வியட்நாமின் டொங் ஹொய் நகரை அண்டிய பகுதியில் அது ஏறத்தாழ 50 கிலோமீற்றர் மட்டுமே. யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனையிறவுக்குப் போகும் தூரம் அவ்வளவுதான். இவ்வளவு அருகில் கடல் இருந்தும், இடையில் மலைமுகடும் இன்னொரு நாட்டின் எல்லையும் இருப்பதால் ஒரு கொள்கலன் கப்பலேறுவதற்குச் சுங்கச் சோதனை, அனுமதிப் பத்திரம், வாகன மாற்றம் என்று பல படிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நிலம்சூழ்ந்த நாடு என்பதன் உண்மையான பொருளை மாணவர் தூரத்தை அளந்து பார்த்துத்தான் உணர முடியும்.

படத்தில் மூன்று வழிகளை மூன்று நிறங்களில் வரையலாம். மேற்கே தாய்லாந்து வழி: வியந்தியானுக்கு அருகில் அவுஸ்திரேலிய உதவியுடன் கட்டப்பட்டு 1994 இல் திறக்கப்பட்ட முதலாவது நட்புறவுப் பாலத்தைத் தாண்டி, 600 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து லாயெம் சபாங் துறைமுகத்தை அடைவது. அதன் பின் சவன்னகேத், தாக்கேக், ஹுவாய்சாய் ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. அவற்றையும் ஆண்டுடன் குறியுங்கள்: 2006, 2011, 2013. கிழக்கே வியட்நாம் வழி: சவன்னகேத்திலிருந்து ஒன்பதாம் இலக்க வீதியால் லாவோ பாவோ கணவாயைத் தாண்டி டா நாங் போவது, அல்லது வடக்கே வுங் ஆங் துறைமுகத்துக்குப் போவது. வடக்கே சீன வழி: 2021 டிசம்பர் 3 ஆம் திகதி திறக்கப்பட்ட போட்டென் – வியந்தியான் புகையிரதப் பாதை. 400 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட இந்தப் பாதையில் 75 சுரங்கங்கள் இருக்கின்றன. வடக்கின் நிலத்தோற்றத்தை இந்த ஓர் எண் நன்கு விளக்குகிறது. தண்டவாள அகலத்தையும் கவனிக்க வேண்டும். சீனப் பாதை 1,435 மில்லிமீற்றர், தாய்லாந்துப் பாதை 1,000 மில்லிமீற்றர். ஆகவே இரண்டும் சந்திக்கும் வியந்தியான் பகுதியில் கொள்கலன்கள் ஒரு புகையிரதத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகின்றன.

உயர்தர மாணவர் இங்கே ஒரு சட்டக் குறிப்பையும் சேர்க்கலாம். 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் பத்தாம் பகுதி, நிலம்சூழ்ந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும் இடைவழிச் சுதந்திரத்தையும் வழங்குகிறது; ஆனால் அதற்கான ஒழுங்குகளை அயல்நாட்டுடன் உடன்படிக்கை செய்தே நடைமுறைப்படுத்த வேண்டும். லாவோஸின் வெளியுறவுக் கொள்கை ஏன் தாய்லாந்து, வியட்நாம், சீனா மூன்றையும் பகைக்காமல் நடந்துகொள்ள முயல்கிறது என்பதை இந்த ஒரு விதி விளக்கிவிடுகிறது.

பொருளாதாரத்தில் மின்சாரம் ஒன்றையே விரிவாகப் பார்த்தால் போதும். மலை, மழை, ஆறு மூன்றும் சேரும் இடத்தில் நீர்மின் வருகிறது. கடல் இல்லாவிட்டாலும் மின்சாரம் கம்பி வழியே எல்லையைத் தாண்டும். 1971 இல் ‘நாம் இங்கும்’, 2010 இல் ‘நாம் தேன் 2’, 2019 இல் மேக்கொங் ஆற்றின் மீதே 1,285 மெகாவாற்றுக் கொள்ளளவுள்ள சயாபுரி என்று அணைகள் வந்தன. இலங்கையின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான விக்டோரியா 210 மெகாவாற்று என்பதை அருகில் எழுதி வையுங்கள். நாம் தேன் 2, சயாபுரி ஆகியவற்றின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி தாய்லாந்துக்கே போகிறது. இதன் விலையையும் மாணவர் எழுத வேண்டும்: இடம்பெயர்ந்த கிராமங்கள், குறையும் மீன்வளம், அணைகளுக்காக வாங்கிய கடன் ஆகியவற்றோடு, 2018 ஜூலை 23 ஆம் திகதி அத்தபு மாகாணத்தில் கட்டுமானத்திலிருந்த சே பியான் – சே நாம்நொய் திட்டத்தின் துணை அணையொன்று உடைந்து கிராமங்களை அடித்துச் சென்ற துயரமும் இந்தக் கணக்கில் சேரும். மேக்கொங் ஆற்றைப் பற்றிப் பேசுவதற்கான நான்கு நாடுகளின் ஆணைக்குழு 1995 இல் அமைந்தது. அதன் செயலகம் வியந்தியானில் இயங்குகிறது.

மக்களை உயரத்தின்படியும் மொழியின்படியும் பார்த்தல்

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நாட்டு ஆய்வுகளில் மக்கள் பகுதியே பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. லாவோஸைப் பொறுத்தவரை அது பெரும் குறை.

குறுக்குவெட்டுமுகம் ஒன்று வரைவதிலிருந்து தொடங்கலாம். இடப்பக்கம் மேக்கொங் ஆறு, வலப்பக்கம் மலைமுகடு. ஆற்றங்கரைச் சமவெளியில் நெல்வயல்களும் விகாரைகளும் கொண்ட லாவோ மொழிக் கிராமங்கள். நடுச்சரிவுகளில் கம்மு முதலிய மொன்–கமேர் மொழிகளைப் பேசுவோர். இவர்கள் லாவோ மக்கள் வருவதற்கு முன்பிருந்தே அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள். உயர்ந்த முகடுகளில் 19 ஆம் நூற்றாண்டில் தென்சீனாவிலிருந்து வந்து குடியேறிய மொங், இயு மியென் மக்கள். தாழ்நில லாவோ, நடுநில லாவோ, உயர்நில லாவோ என்ற பழைய மூன்று பிரிவு இந்த உயர அடுக்கிலிருந்து வந்தது. படத்தை விளங்கிக்கொள்வதற்கு அது உதவும். ஆனால் இன்றைய அரச வகைப்பாடு அதுவல்ல. இன்று 50 இனக்குழுக்கள் அங்கீகரிக்கப்பட்டு, லாவோ–தை, மொன்–கமேர், மொங்–இயு மியென், சீன–திபெத்திய என்ற நான்கு மொழிக்குடும்பங்களில் வைக்கப்படுகின்றன. செயற்றிட்டத்தில் இரண்டையும் எழுதி, எது பழையது, எது நடைமுறையில் உள்ளது என்று தெளிவாகக் கூற வேண்டும். உயரத்தை மட்டும் வைத்து ஒரு மக்கள் கூட்டத்தை விவரிப்பது, சாலையோர நகரங்களில் குடியேறிவிட்ட கம்மு, மொங் குடும்பங்களைக் காணாமல் செய்துவிடும்.

எண்களுக்குக் குடிசன மதிப்பீட்டையே நாடுங்கள். 2015 ஆம் ஆண்டின் நான்காவது குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை ஏறத்தாழ 64.9 இலட்சம், லாவோ இனத்தவர் 53 சதவீதமளவு, கம்மு 11 சதவீதமளவு, மொங் 9 சதவீதமளவு. பௌத்தர் ஏறத்தாழ 65 சதவீதம். சமயம் இல்லை என்ற வகையில் பதிவான மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களை மாணவர் நாத்திகர் என்று எழுதிவிடக் கூடாது. அவர்களுள் மிகப் பலர் முன்னோரையும் இயற்கையின் ஆவிகளையும் வழிபடும் மலைவாழ் மக்கள். இன்றைய சனத்தொகை மதிப்பீடுகள் 75 இலட்சத்தைத் தாண்டியுள்ளன. இத்தகைய அண்ணளவு மதிப்பீட்டையும், ஆட்களை எண்ணிப் பெற்ற குடிசன மதிப்பீட்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் கலப்பது மாணவர் ஆக்கங்களில் அடிக்கடி காணப்படும் பிழை. ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் ஆண்டை எழுதினால் அது நேராது.

லாவோ மொழி பேசுவோரில் பெரும்பாலோர் லாவோஸில் இல்லை. ஆற்றுக்கு அப்பால், தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கின்றனர். 1353 இல் பா ங்கும் மன்னர் அமைத்த லான் சாங் இராச்சியம் மேக்கொங்கின் இரு கரைகளிலும் பரந்திருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது லுவாங் பிரபாங், வியந்தியான், சம்பாசக் என மூன்றாகப் பிரிந்தது. பின்னர் சியாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், மேலாதிக்கத்தின் கீழ் வந்தது. வியந்தியானின் ஆனுவோங் மன்னர் சியாமுக்கு எதிராக எழுந்து தோற்றபோது, 1828 அளவில் நகரம் அழிக்கப்பட்டு மக்கள் ஆற்றுக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டனர். 1893 இல் பிரெஞ்சுக்காரர் இடக்கரையைக் கைப்பற்றியபோது ஆறு எல்லையாயிற்று. ஒரே மொழி பேசும் மக்களின் நடுவே கோடு விழுந்தது அப்போதுதான். பாக்குநீரிணையின் இரு கரையிலும் ஒரே மொழி பேசப்படுவதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

பண்பாட்டுத் தொடர்புகளைத் தேடும்போது இரண்டு இடங்களில் நிற்கலாம். சம்பாசக்கில் உள்ள வாட் பூ, கம்போடியாவின் கமேர் பேரரசுக் காலத்துச் சிவாலயம். அதன் பின்னால் நிற்கும் மலையின் உச்சியே இலிங்கமாகக் கருதப்பட்டது. மலையடி ஊற்றின் நீரைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து கருவறை இலிங்கத்துக்கு அபிடேகமாகும்படி அமைத்திருந்தனர். 2001 இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. இன்று அங்கே பௌத்த வழிபாடு நடக்கிறது. மற்றையது லுவாங் பிரபாங்கில் போற்றப்படும் பிரபாங் புத்தர் திருவுருவம். அது ஈழத்தில் வார்க்கப்பட்டது என்பது அந்நாட்டு ஐதிகம். ஐதிகத்தை ஐதிகம் என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். தேரவாத பௌத்தம் இரு நாடுகளையும் எவ்வளவு காலமாக இணைத்து வைத்திருக்கிறது என்பதைக் காட்ட அந்த அளவே போதும். சித்திரை நடுப்பகுதியில், நாம் புத்தாண்டு கொண்டாடும் அதே நாட்களில், லாவோ மக்களும் பி மாய் எனப்படும் தமது புத்தாண்டைக் கொண்டாடுகின்றனர். நாளாந்த உணவில் ஒட்டும் தன்மையுள்ள அரிசியே அவர்களது சோறு; மூங்கில் கூடையில் அவித்து, கையால் உருட்டி உண்பார்கள்.

அரசைப் படிக்கும்போது கட்சியையும் ஆட்சியையும் பிரித்து எழுதுதல்

1953 ஒக்டோபரில் பிரான்ஸுடனான உடன்படிக்கையால் முழுச் சுதந்திரம் பெற்ற லாவோஸ், 1955 டிசம்பர் 14 ஆம் திகதி ஐக்கிய நாடுகளில் சேர்ந்தது. இலங்கையும் அதே நாளில்தான் சேர்ந்தது. மன்னராட்சி 1975 டிசம்பர் 2 ஆம் திகதி முடிவுக்கு வந்து லாவோ மக்கள் சனநாயகக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. அன்றிலிருந்து, 1955 இல் தொடங்கப்பட்ட லாவோ மக்கள் புரட்சிக் கட்சி ஒன்றே ஆட்சி செய்கிறது. குடியரசின் அரசியலமைப்பு 1991 இல் வந்து, 2003 இலும் 2015 இலும் திருத்தப்பட்டது.

இங்கே மாணவர் இரண்டு நிரல்கள் வரைய வேண்டும். ஒன்றில் கட்சி: மாநாடு, மத்திய குழு, அரசியல் பீடம், பொதுச்செயலாளர். மற்றதில் அரசு: தேசிய சபை, சனாதிபதி, பிரதமர், அமைச்சர்கள், நீதிமன்றம். காகிதத்தில் தேசிய சபை சனாதிபதியைத் தெரிவு செய்கிறது. தீர்மானம் கட்சியின் நிரலில் முன்பே எடுக்கப்படுகிறது. தொங்லூன் சிசூலித் 2021 ஜனவரியில் கட்சியின் பொதுச்செயலாளராகவும், அதே ஆண்டு மார்ச்சில் சனாதிபதியாகவும் ஆனார் என்ற காலவரிசையை இரு நிரல்களுக்கும் இடையில் ஓர் அம்புக்குறியாக வரைந்தால் ஆட்சிமுறை முழுவதும் விளங்கும். சொன்செய் சிபாண்டோன் 2022 டிசம்பரில் பிரதமரானார். 2021 தேர்தலில் தெரிவான தேசிய சபையின் 164 உறுப்பினரில் கட்சி சாராதவர் ஆறு பேர் மட்டுமே. பதவியிலுள்ளோரின் பெயர்கள் மாறக்கூடியவை என்பதால், ஒப்படைக்கும் வாரத்தில் அவற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

நிர்வாகப் பிரிவுகளில் மாகாணம், அதன் கீழ் மாவட்டம், அதன் கீழ் கிராமம் என்ற ஒழுங்கு நமக்குப் பழக்கமானதே. 17 மாகாணங்களும் தலைநகர் வியந்தியானும் உண்டு. வியந்தியான் மாகாணம் என்பது தலைநகரிலிருந்து வேறான பிரிவு. பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்புவோர் பலர். 2013 இல் சைசொம்பூன் மாகாணம் உருவாக்கப்பட்டதால், அதற்கு முந்திய தேசப்படங்களில் 16 மாகாணங்களே இருக்கும்.

போர் நிலத்தில் விட்டுச் சென்றது

இந்தப் பகுதியைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1962 ஜெனீவா உடன்படிக்கை லாவோஸை நடுநிலை நாடென்று அறிவித்த பின்னரும், அன்னமித்து மலையின் மேற்குச் சரிவு வழியாக வட வியட்நாமின் வழங்கல் பாதை சென்றதால் போர் அந்நாட்டுக்குள் வந்தது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 580,000 பறப்புகளில் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசின. அவற்றுள் கொத்துக்குண்டுகளின் உட்குண்டுகள் ஏறத்தாழ 27 கோடி. 30 சதவீதம் வரை வெடிக்காமல் நிலத்தில் தங்கின. கற்சாடிச் சமவெளி அமைந்த சியாங் குவாங் மாகாணமும், பாதை சென்ற தென்கிழக்கு மாகாணங்களும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை.

இதைப் புவியியலாகவே கற்பிக்க வேண்டும். வழங்கல் பாதையின் தடத்தையும், இன்று வெடிபொருள் அகற்றப்படும் இடங்களையும், வறுமை கூடிய மாவட்டங்களையும் ஒரே படத்தில் இட்டுப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படியும். உழமுடியாத நிலம், விதைக்க அஞ்சும் விவசாயி, விளையாடும்போது உலோகப் பந்தென்று எடுத்த குழந்தை என்று அங்கே நடப்பதை முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி பற்றி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லி விளக்கத் தேவையில்லை. நம் ஊரில் மிதிவெடி பற்றிப் பேசிய கசப்பான அனுபவமுள்ள குடும்பங்கள் வகுப்பில் இருக்கலாம் என்பதால், ஆசிரியர் இந்தப் பாடத்தை நிதானமாகவும் படங்களைத் தெரிந்தெடுத்தும் நடத்த வேண்டும். கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் சமவாயம் 2010 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது அதன் உறுப்பு நாடுகளின் முதலாவது கூட்டம் அதே ஆண்டு வியந்தியானிலேயே நடைபெற்றது. இலங்கை அச்சமவாயத்தில் 2018 இல் இணைந்தது.

படித்ததைச் சோதித்தல்

எல்லாம் முடிந்த பின்னர் ஒரே ஒரு வினாவை எழுத்தில் கொடுங்கள்: போலவன் மேட்டுநிலத்தில் விளைந்த ஒரு மூடை கோப்பி கப்பலேறும் வரை அதன் பயணத்தை விவரிக்கவும். நல்ல விடை எரிமலை மண்ணிலும் தென்மேல் பருவமழையிலும் தொடங்கும். அதை நட்டவர் எந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று சொல்லும். மேட்டுநிலத்திலிருந்து பாக்சே நகருக்கு இறங்கி, அங்கே மேக்கொங் இரு கரையும் லாவோஸுக்குள் இருப்பதால் ஆற்றைத் தாண்டிய பின்னரும் நாட்டை விட்டு வெளியேறவில்லை என்பதைக் கவனித்து, தரை எல்லையில் தாய்லாந்துக்குள் நுழைந்து, எந்த உடன்படிக்கையின் பேரில் அந்த இடைவழி கிடைக்கிறது என்று கூறி, லாயெம் சபாங்கில் முடியும். கிழக்கே டா நாங் வழியைத் தெரிந்தெடுத்து, ஏன் அதைத் தெரிந்தெடுத்தார் என்று தூரத்தையும் மலையையும் காட்டி வாதிடும் மாணவருக்கும் அதே புள்ளியைக் கொடுக்கலாம். ஆற்றைப் பாக்சேயில் எல்லையென்று எழுதியவரிடம் முதற்படத்தைத் திருப்பிக் கொடுத்து, மேக்கொங்கின் கடைசி வளைவை மீண்டும் வரையச் சொல்ல வேண்டும்.